நம்பர் அப்பாவின் பெயரில் இருந்தது

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி, எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதுதான் கைப்பைக்குள் கையை விட்டேன். குடை இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி இருந்தது, பர்ஸ் இருந்தது. போன் இல்லை.

போன நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறே முக்கால். கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்தேன். நல்ல மழை, கால் வைக்க இடமில்லாத சனம். பையின் பக்கத்து சிப் திறந்து கிடந்தது. யாரும் எடுத்தார்களா, நானே நழுவ விட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூலையில் இருந்த பாமசியில் கெஞ்சிக் கேட்டு, அவர்களுடைய போனிலிருந்து என் நம்பருக்கு எடுத்தேன். மூன்று தடவை மணி போனது, யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை போன் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் வயிற்றைப் பிசைந்ததே, அது போனின் விலையை நினைத்து அல்ல. மகளுக்கு விஜயதசமியன்று ஏடு தொடக்கிய வீடியோ அதற்குள்தான் இருந்தது. அப்பா அவளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறார். அவள் பாதியில் அரிசியை அள்ளி வாய்க்குள் போடப் பார்க்கிறாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் கணவரின் போனை வாங்கி, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தை வீணாக்கினேன். கூகுள் கணக்குக்குள் போனால் போன் எங்கே என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது படியில், ‘உங்கள் போனில் ஆம் என்பதை அழுத்துங்கள்’ என்றது. அந்தப் போனைத்தானே தேடுகிறேன். வேறு வழி காட்டு என்று கேட்டால், என் நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்பவா என்றது. அதுவும் அதே போனுக்குத்தான் போகும். இப்படியான நேரத்துக்கென்று கூகுள் கணக்கில் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். நான் எடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் அக்காவின் மகன் ஞாபகத்துக்கு வந்தான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் கம்பியூட்டர் திருத்துகிறான். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே குறுக்கிட்டான்.

“சித்தி, முதலில சிம்மை நிப்பாட்டுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.”

“போனுக்கு லொக் போட்டிருக்கிறன் தானே தம்பி?”

“போனுக்குத்தான் லொக். சிம்முக்கு இல்லை. சிம்மைக் கழட்டி வேற போனில போட்டா உங்களுக்கு வாற ஓடிபி எல்லாம் அவங்களுக்குப் போகும்.”

இதை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. பாங்க், வட்ஸ்அப், கூகுள், ஓட்டோ கூப்பிடுகிற ஆப், மின்சாரக் கட்டணம் என்று எல்லாமே கடைசியில் ஒரு எஸ்எம்எஸ்ஸை நம்பித்தான் கதவைத் திறக்கின்றன. அந்த எஸ்எம்எஸ்ஸோ சிம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும்.

உடனே சிம் கொம்பனிக்கு எடுத்தேன். தமிழில் பேச இலக்கத்தை அழுத்தி, இசை கேட்டுக் காத்திருந்து, ஒரு பிள்ளை வந்தாள். அடையாள அட்டை இலக்கம் கேட்டாள், சொன்னேன்.

“அந்த இலக்கத்தில் இந்த சிம் இல்லையே, மிஸ்.”

ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 2011இல் நான் படிக்கவென்று கொழும்புக்கு வெளிக்கிட்டபோது, யாழ்ப்பாணம் டவுனில் அப்பா வாங்கித் தந்த சிம் அது. அவருடைய அடையாள அட்டையைக் காட்டித்தான் வாங்கினார். இத்தனை வருடமும் ‘என் நம்பர், என் நம்பர்’ என்று எல்லோருக்கும் கொடுத்தேனே, எழுத்தில் அது அப்பாவின் நம்பர்.

சாவகச்சேரிக்கு எடுத்து, அப்பாவை எழுப்பி, அட்டை இலக்கத்தை வாசிக்கச் சொல்லி எழுதினேன். திரும்ப கொம்பனிக்கு எடுத்தபோது, கடைசியாக எவ்வளவுக்கு ரீலோட் போட்டேன், அடிக்கடி எடுக்கும் இரண்டு நம்பர் என்ன என்று கேட்டார்கள். எல்லாம் சொன்ன பிறகு சிம்மை நிறுத்தினார்கள். அப்புறம் பாங்கின் ஹொட்லைன். ஒன்லைன் பாங்கிங்கையும் பாங்க் கார்டையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னேன். அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் அதே நம்பரில் புது சிம் எடுப்பது அப்படி முடியவில்லை. யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரே மூல அடையாள அட்டையோடு கிளைக்கு வரவேண்டும் என்றார்கள். மகள் என்று சொல்லியும் பார்த்தேன். முடியாது என்றார்கள். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், மகள் என்று சொல்லிக்கொண்டு யாரும் போய் அப்பாவின் நம்பரை எடுத்துவிட முடியாமல் இருப்பது நல்லதுதான்.

சனிக்கிழமை காலையில் அப்பா சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. பதினொரு மணிக்கு அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டார்.

“பிள்ளை, சிம் தந்திட்டாங்கள். இரவு பஸ்ஸில குடுத்து விடுறன்.”

அந்தப் பகலில் நான் எங்கள் பகுதி பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் எழுதியதை வாசித்து விளங்குமளவுக்கு வராது. தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். தமிழ் தெரிந்த ஒருவர் வரும் வரை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் இருந்தேன். அரச அலுவலகங்களில் தமிழில் எங்கள் விஷயத்தைச் சொல்வதற்கு அரசியலமைப்பே இடம் தந்திருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. வந்தவர் பொறுமையாக எழுதினார். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது ‘களவு போனது’ என்று இருந்தது. களவா, தவற விட்டதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்றேன். ‘பஸ்ஸில் பயணித்தபோது காணாமற்போனது’ என்று மாற்றி எழுதினார். வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைத்திருந்தால் நான் அதைக் கண்டிருக்கவே மாட்டேன்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, ஐஎம்ஈஐ நம்பர். ஒவ்வொரு போனுக்கும் உரிய பதினைந்து இலக்கம் அது. சிம்மை மாற்றினாலும் மாறாது. போன் கையில் இருந்தால் *#06# அழுத்தினாலே திரையில் வரும், ஆனால் கையில் போன் இல்லையே. பெட்டியில் ஒட்டியிருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலே தேடினேன். போன் வாங்கிய பெட்டிக்குள் மகள் தன் தலைக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள். கிளிப்புகளைக் கொட்டிவிட்டு, பெட்டியைத் திருப்பினால், பட்டைக்கோடுகளுக்குக் கீழே இரண்டு நம்பர்கள். இரண்டு சிம் போடும் போன் என்பதால் இரண்டு. பெட்டியையே தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். தொலைந்த போன்களுக்கென்று பொலிஸ் வைத்திருக்கும் ஐநீட் என்ற இணையத்தளத்திலும் அன்றிரவே பதிந்தோம்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் கணவரும் காலி வீதியில் நின்றோம். கடைகள் எல்லாம் பூட்டு, ஒரு சைவக் கடையில் மட்டும் அடுப்புச் சத்தம். யாழ்ப்பாண பஸ் வந்து நின்று, நித்திரைக் கண்ணோடு ஆட்கள் இறங்கினார்கள். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கடித உறையை எடுத்து நீட்டினார். உள்ளே நாட்காட்டித் தாளை நாலாக மடித்து, டேப் சுற்றி, நடுவில் சிம். தாளின் பின்பக்கத்தில் அப்பாவின் நேரான எழுத்தில் என் பெயர், கணவரின் நம்பர், ‘கவனம்’ என்ற ஒரு சொல். இரவு முழுக்க என் நம்பர் பஸ்ஸில் வந்திருக்கிறது.

அக்காவின் பழைய போனில் சிம்மைப் போட்டதும் எஸ்எம்எஸ்கள் வந்து விழத் தொடங்கின. வட்ஸ்அப்பையும் உடனே போடுவோம் என்று நினைத்தேன். நல்ல வேளை, அதற்கு முன் அக்காவின் மகனுக்கு எடுத்தேன்.

“வட்ஸ்அப்பை இப்ப போடாதீங்கோ சித்தி. ஒஃபிஸ் லாப்டொப்பில உங்கட வட்ஸ்அப் திறந்திருக்குதா?”

திறந்துதான் இருந்தது. வேலை விஷயங்களுக்காக இணைத்து வைத்திருந்தேன். அவன் விளக்கினான். போன் இணையத்தில் இல்லாவிட்டாலும் இணைத்த கம்பியூட்டரில் வட்ஸ்அப் பதினான்கு நாள் வரைக்கும் இயங்கும். ஆனால் அதே நம்பரைப் புதுப் போனில் பதிந்த அடுத்த கணம் அந்த இணைப்பெல்லாம் அறுந்துவிடும். பழைய வட்ஸ்அப்புக்கு பக்அப், அதாவது வேறிடத்தில் சேமித்த பிரதி, இருந்தால் பரவாயில்லை, இல்லாவிட்டால் லாப்டொப்பில் இருப்பதுதான் மிச்சம். திரை லொக்கும் இருக்கிறது, போனும் அணைந்து கிடக்கிறது, ஒரு நாள் பொறுக்கலாம் என்றான்.

பக்அப் எப்படி என்று பார்க்க கூகுள் கணக்கைத் திறந்தேன். இப்போது எஸ்எம்எஸ் வந்தது, உள்ளே போக முடிந்தது. அங்கேதான் உண்மை தெரிந்தது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஏப்ரலிலேயே நிரம்பியிருந்தது. படங்கள் 2021 ஜூனிலிருந்து அந்த 15 ஜிபிக்குள்தான் கணக்கு. அன்ட்ரொயிட் போன்களின் வட்ஸ்அப் பக்அப்பும் இப்போது அதற்குள்தான். நிரம்பியதும் இரண்டும் நின்றுவிட்டன. நிரம்பிவிட்டது என்று வந்த மெயில்கள் வரிசையாக இருந்தன, நான் ஒன்றையும் திறக்கவில்லை. ஏழு மாதப் படங்கள் எங்கேயும் இல்லை. விஜயதசமி அக்டோபரில்.

போன் கடைசியாக இணையத்தில் இருந்த இடமும் தெரிந்தது. வெள்ளி இரவு 7.52, மருதானைப் பக்கம் ஒரு புள்ளி. நிறுத்திய போனை யாரோ இடையில் திரும்பப் போட்டிருக்க வேண்டும். தேடிப்போவோம் என்று கணவர் சட்டையை மாட்டிவிட்டார். நான் விடவில்லை. அந்தப் புள்ளி ஒரு வீட்டைக் காட்டவில்லை, ஒரு வட்டத்தைக் காட்டியது. அதற்குள் நூறு வீடும் கடையும் இருக்கும். எந்தக் கதவைத் தட்டுவது? படம் பிடித்து பொலிஸுக்குக் கொடுத்தோம். போனைத் தூரத்திலிருந்தே லொக் செய்து, திரையில் கணவரின் நம்பர் தெரியும்படி வைத்தேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கே ஒஃபிஸ் போய்விட்டேன். லாப்டொப்பில் வட்ஸ்அப் திறந்தது. அப்பாவோடு பேசிய பகுதிக்குப் போய் மேலே மேலே உருட்டினேன். அம்மா அனுப்பிய குரல் செய்திகள் சிலது ஓடின. சிலது போனைத் திறக்கச் சொல்லி நின்றுவிட்டன. ஒடியல் கூழுக்கு என்னென்ன எவ்வளவு என்று அம்மா சொன்னது கிடைக்கவில்லை. அதைத் திரும்பக் கேட்கலாம். அக்டோபருக்கு வந்ததும் கை நடுங்கியது. ஏடு தொடக்கிய அன்று மாலையே அப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருந்தேன். அழுத்தினேன், ஓடியது. வட்ஸ்அப்பில் போனதால் தெளிவு குறைந்துதான் இருந்தது. ஆனால் அரிசி இருந்தது, அந்த விரல் இருந்தது, “அப்பிடி இல்லையடி குஞ்சு” என்ற அப்பாவின் குரல் இருந்தது. இறக்கி, பென்டிரைவிலும் போட்டு, கணவருக்கும் மெயில் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

மற்றது எல்லாம் வேகமாக நடந்தது. அன்று மாலை வட்ஸ்அப்பைப் பதிந்தேன். ஆறு இலக்கக் குறியீடு வந்தது, அதற்கு மேல் வட்ஸ்அப்புக்கென்று நான் முன்பு போட்டிருந்த இரகசிய இலக்கமும் (PIN) ஞாபகத்தில் இருந்தது. லாப்டொப்பில் இருந்தது அந்த நிமிடமே வெளியேறியது, அவன் சொன்னபடி. பாங்கைத் திறப்பித்தேன். சிம்முக்கே ஒரு இரகசிய இலக்கம் (PIN) போட்டேன். இப்போது யாராவது என் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் நாலு இலக்கம் கேட்கும், மூன்று தடவை பிழைத்தால் சிம் கொம்பனி தரும் எட்டு இலக்க PUK குறியீடு இல்லாமல் திறக்காது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, தொலைந்த போனை அழிக்கும் கட்டளையையும் கொடுத்தேன். போன் எப்போதாவது இணையத்துக்கு வந்தால் அழியும். அழிந்த பிறகு இடம் காட்டாது என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

புதுப் போன் வாங்கவில்லை. பாவித்த ஒன்றை அக்காவின் மகன் பார்த்துத் தந்தான். காசு கொடுக்கும் முன் ஐஎம்ஈஐ என்று அடித்து, இடம் விட்டு, பதினைந்து இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். யாரோ ஒரு பிள்ளை பஸ்ஸில் தொலைத்த போனை நான் வாங்கிவிடக்கூடாது என்று அப்போது நினைத்தேன்.

தொலைந்த போன் இன்றுவரை கிடைக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு அப்பா கொழும்புக்கு வந்தபோது இருவரும் கிளைக்குப் போய் நம்பரை என் பெயருக்கு மாற்றினோம். அவர் கையெழுத்து வைக்கும்போது, “நம்பர் மாறாது தானே?” என்று இரண்டு தடவை கேட்டார். மாறாது என்று சொன்ன பிறகுதான் பேனையைத் தாளில் வைத்தார்.

அன்றிரவே வீட்டில் உள்ள எல்லாப் போன்களின் ஐஎம்ஈஐ நம்பர்களையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அம்மா சாவகச்சேரியில் இருந்ததால், அவருடைய போனுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எதை அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நட்சத்திரம், வேலி மாதிரி ஒன்று, சைபர், ஆறு, திரும்ப வேலி. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பிள்ளை, இதில ரெண்டு நம்பர் வருது. எதைச் சொல்லுறது?”

“ரெண்டையும் சொல்லுங்கோ அம்மா. ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”