தறிச் சத்தம் கேட்ட இரவு

2012ஆம் ஆண்டு நவம்பரில், தீபாவளி முடிந்த மூன்றாம் நாளே, பருவத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் மதுரைக்குப் பேருந்து ஏறினேன். கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது வயது 20. செல்லூரில் ஒரு நெசவாளர் வீட்டு மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் மூவர் வாடகைக்கு இருந்தோம். மற்ற இருவரும் இன்னும் ஊரிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

செல்லூரில் இருந்தவர்களுக்கு அந்தப் பகுதியின் சத்தம் மறக்காது. தெருவுக்குத் தெரு விசைத்தறிகள் ஓடும். குடிவந்த புதிதில் அந்தச் சத்தத்தில் தூங்க முடியாமல் தவித்த நாங்கள், சில மாதங்களில் அது நின்றால்தான் விழித்துக்கொள்வோம் என்ற நிலைக்கு வந்திருந்தோம். அந்த ஆண்டு மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்ததால், பகலென்றும் இரவென்றும் பாராமல் மணிக்கணக்கில் கரண்டு போகும். போன மறுகணம் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் அடங்கிவிடும்.

வீட்டின் கீழ்ப்பகுதியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். வயதானவர் என்பதால் அவரை நாங்கள் அப்பத்தா என்றே அழைத்தோம். அவருடைய கணவர் நெய்த பழைய குழித்தறி பட்டாசாலையின் ஓரத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தது. நாங்கள் குடிவருவதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.

வந்து சில நாட்கள் கழித்து, ஒரு மாலை தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது, தத்தனேரி மயானத்துக்குச் செல்லும் சாலையில் சற்று முன்னர்தான் ஓர் ஊர்வலம் போயிருக்க வேண்டும். ரோஜா இதழ்களும் சாமந்தியும் பொரியும் தார்ச் சாலையில் சிதறிக் கிடந்தன. பிணத்துக்குப் போட்ட பூவை மிதிக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஏதோ சிந்தனையில் மிதித்துவிட்டேன். செருப்பின் அடியில் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டு அறை வரைக்கும் வந்ததைப் பார்த்தபோது மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கீழே இறங்கிப்போய்க் குழாயடியில் இரண்டு முறை கால் கழுவினேன்.

இரவு ஒரு மணிக்கு மேல் வரை சார்ஜர் லைட்டில் படித்துவிட்டு, பாயில் மல்லாந்தபடியே, நோட்டு நெஞ்சின் மேல் கிடக்கத் தூங்கிப்போனேன். அதற்கு முந்தைய நான்கு இரவுகளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் தூங்கியிருக்கவில்லை.

விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. திரும்பிப் படுக்க நினைத்தேன், உடம்பு அசையவில்லை. கண்களை மட்டும் உருட்ட முடிந்தது. கதவோரத்து இருட்டைவிட அடர்ந்த இருட்டாக ஓர் உருவம் நின்றது. அது நெருங்கி வந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த நொடி என் நெஞ்சின் மேல் பெருஞ்சுமை ஒன்று ஏறி உட்கார்ந்ததை, விலா எலும்புகள் கீழிறங்குவதை, உண்மையாகவே உணர்ந்தேன். முருகா என்று கத்த முயன்றேன், நாக்கு புரளவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மிதிகட்டை அழுந்தும் ஓசை, நாடா குறுக்கே ஓடும் ஓசை, பிறகு பலகை வந்து அடிக்கும் ஓசை. விசைத்தறியின் இரைச்சலாக அது இல்லை. ஒற்றைத் தறி, கையால் நெய்வது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் நீண்ட இடைவெளி இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. இடது காலின் சுண்டுவிரல் அசைந்தது. உடனே கட்டு அறுந்ததுபோல் உடம்பு முழுவதும் விடுபட்டது. படிகளில் எப்படி இறங்கினேன் என்பது நினைவில் இல்லை. கதவைத் திறந்த அப்பத்தா, அரிக்கேன் விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா, அமுக்கிருச்சா? மல்லாக்கப் படுத்தியா?"

ஆம் என்று தலையாட்டினேன். நெற்றியில் திருநீறு பூசி, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, பட்டாசாலையில் பாய் விரித்தார். "ஒருக்களிச்சுப் படு. அமுக்குவான் மல்லாக்கப் படுத்தவனைத்தான் பிடிப்பான். நாலு நாளாத் தூங்காமக் கெடந்தா வராம என்ன செய்யும்?" என்றவர், விடியும் வரை என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ நண்பர் இதை உறக்க முடக்கம் என்று விளக்கினார். கனவு காணும் உறக்கத்தில், நாம் எழுந்து கனவை நடித்துக் காட்டிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கிறது. சில நேரங்களில் அந்தப் பிடி விலகுவதற்கு முன்னரே மனம் விழித்துக்கொள்கிறது. பாதிக் கனவு கண்முன் நிற்க, உடம்பு அசையாமல் கிடக்கிறது. சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் அது தானாக விலகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும் என்று அவர் சொன்னபோது, அரிக்கேன் வெளிச்சத்தில் அப்பத்தா கேட்ட கேள்விதான் என் காதில் ஒலித்தது. பள்ளிக்கூடம் போகாத அவருக்கு அதன் காரணமும் தெரிந்திருந்தது, மருந்தும் தெரிந்திருந்தது. அவர் வைத்திருந்த பெயர்தான் வேறு.

உருவத்தையும் நெஞ்சில் ஏறிய சுமையையும் இந்த விளக்கத்தால் நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். தறிச் சத்தமும் கனவின் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும். குழித்தறி நெய்வதைச் சிறுவயதில் பரமக்குடியில் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மறுநாள் காலையை என்னால் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை.

இரவில் சொல்லாமல் விட்ட அந்தச் சத்தத்தைப் பற்றி, விடிந்த பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பத்தா பயப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேகமாக் கேட்டுச்சா, மெதுவாவாய்யா?" என்று கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டது என்றேன். ஒவ்வோர் அடிக்கும் இடையில் ஒருவர் நின்று மூச்சு வாங்கும் அளவுக்கு இடைவெளி இருந்ததையும் சொன்னேன்.

"கடைசி ரெண்டு வருசம் அப்பிடித்தான் நெய்வாரு. எளப்பு இருந்துச்சுல்ல" என்றார். பிறகு எழுந்து போய்ச் சாக்கை விலக்கி, தறியின் பலகையை முந்தானையால் துடைத்தார். கரண்டு வந்து, தெரு முழுவதும் தறிகள் ஓடத் தொடங்கிய பிறகும், குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.