டிரைவர் பெயர் எழுத வேண்டிய இடம்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வண்டிகளுக்குப் பொறுப்பாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். லாரி, பிக்கப், பெண்களை வேலைக்கு அழைத்துவரும் வேன், அதிகாரிகள் போகும் கார் என்று எல்லாவற்றின் சாவியும் ஆர்.சி.யும் டீசல் பில்லும் என் மேசையில்தான் இருக்கும். வேகமாகப் போனதற்கு வரும் அபராத நோட்டீஸும் அங்கேதான் வந்து சேரும். சேலம் பக்கம் போகும் 44-ஆம் எண் சாலை, சென்னைக்குப் போகும் 48, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் 77 எல்லாம் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. இப்படிப்பட்ட ஊரில் வண்டி வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் செல்லான் என்னும் இந்த அபராத நோட்டீஸ் புதிதில்லை.

நோட்டீஸில் வண்டி எண் இருக்கும். இடம், நேரம், வேகம், போட்டோ எல்லாம் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யார் என்பது மட்டும் இருக்காது. கேமராவுக்குத் தெரிந்தது நம்பர் பிளேட்தான். ஆளைச் சொல்ல வேண்டியது உரிமையாளர். எங்கள் ஆலையில் அப்படிச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். யார் ஓட்டினார் என்று தெரிந்தால் சிக்கலே இல்லை. தெரியாதபோது என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மாங்காய் சீசனில் ஆலைக்கு இரவு, பகல் கிடையாது. போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் பக்கத் தோப்புகளில் இருந்து பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும். சொந்த டிரைவர்கள் போதாமல் ஆக்டிங் டிரைவர்களைக் கூப்பிடுவோம். காலையில் ஒருவர் வண்டி எடுப்பார். மதியம் அவர் சாப்பிட உட்காரும்போது இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவார். அவசரம் என்றால் காய் வாங்கப் போன சூப்பர்வைசரே ஓட்டிவருவார். லைசென்ஸ் இல்லாத யாரிடமும் சாவி போகாது, அதில் நாங்கள் கண்டிப்பு. ஆனால் ஒரே நாளில் ஒரு வண்டி மூன்று கை மாறுவது சீசனில் சாதாரணம்.

அப்படி ஒரு நாள் மாலை காரிமங்கலம் அருகே எங்கள் பிக்கப் ஒன்று கேமராவில் விழுந்தது. போட்டோ பின்பக்கத்தில் இருந்து எடுத்தது. மாங்காய்ப் பெட்டிகள் அடுக்கியிருப்பதும் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. ஓட்டியவர் தெரியவில்லை.

விசாரிக்க ஆரம்பித்தேன். கேட்டில் வாட்ச்மேன் எழுதும் நோட்டில் வண்டி வெளியே போன நேரம் இருந்தது. டிரைவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், மேலே உள்ளபடி என்பதற்கு இரண்டு சின்னக் கோடு. மேலே இருந்த பெயரோ காலையில் போன வேறு டிரிப்புக்கு எழுதியது. எடைமேடைச் சீட்டில் எடையும் நேரமும் உண்டு, பெயர் கிடையாது. டீசல் பில்லில் எங்கள் மூத்த டிரைவரின் கையெழுத்து இருந்தது, ஆனால் அது காலையில் போட்ட டீசல். ஃபாஸ்டேக் கணக்கைப் பார்த்தேன். காரிமங்கலம் இரண்டு சுங்கச்சாவடிகளுக்கும் நடுவில் இருக்கிறது; கிருஷ்ணகிரி சாவடியையும் பாளையம் சாவடியையும் அந்த வண்டி அன்றைக்குத் தொடவே இல்லை.

அப்புறம் ஆட்களிடம் கேட்டேன். மூத்த டிரைவர், "மதியமே சாவியைக் கொடுத்துட்டேன் சார், ஆனா சாயங்காலம் ஒரு நடை திரும்ப நான்தான் எடுத்தேன். அது எந்த நடைன்னு சொல்லத் தெரியல" என்றார். சூப்பர்வைசர், வழியில் டீ குடிக்க நிறுத்தி மாற்றிக்கொண்டோம் என்றார், எந்த ஊரில் என்பது அவருக்கு நினைவில்லை. பாலக்கோட்டில் இருந்து வந்த ஆக்டிங் பையன் சீசன் முடிந்து போய்விட்டான். போன் போட்டால் உடனே எடுத்தான். "நானும் ஓட்டினேன் சார். அந்த இடத்துல நானான்னு சத்தியமா தெரியல" என்றான். மூன்று பேரும் மறைக்கவில்லை என்பது எனக்கு உறுதி. லோடு இறக்கிவிட்டு அடுத்த லோடுக்கு ஓடும் மனிதனுக்கு, சில வாரம் கழித்து ஒரு நாள் மாலை எந்தக் கிலோமீட்டரில் யார் கையில் வண்டி இருந்தது என்பது எப்படி நினைவிருக்கும்?

விஷயத்தை மேலே சொன்னபோது வந்த யோசனை: "அந்தப் பையன் இப்ப நம்மகிட்ட இல்லையே. அவன் பேரை எழுதி அனுப்பிடுங்க. அபராதத்தை நாமே கட்டிடலாம், யாருக்கும் நஷ்டமில்ல." சொன்னவர் கெட்டவர் இல்லை. ஃபைலை மூட நினைத்தார், அவ்வளவுதான். இந்த யோசனையை வேறு ஆலைகளிலும் டிராவல்ஸ்களிலும் இருப்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலையை விட்டுப் போனவன், தினக்கூலிக்கு வந்தவன், எதிர்த்துப் பேசத் தெரியாதவன் பெயர்தான் இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் நினைவுக்கு வருகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

நஷ்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, இலகு ரக வண்டிக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம், நடுத்தர, கனரக வண்டிக்கு 2000 முதல் 4000 வரை. பணத்தை நாம் கட்டிவிடலாம். ஆனால் அதே பிரிவு, குற்றம் மறுபடி நடந்தால் ஓட்டுநரின் லைசென்ஸைப் பறிமுதல் செய்ய இடம் தருகிறது. அவன் செய்தானா என்றே தெரியாத தப்பை இன்று நாம் அவன் கணக்கில் ஏற்றினால், நாளைக்கு அவன் உண்மையிலேயே ஒரு முறை மாட்டும்போது அது இரண்டாவது ஆகிவிடும். பாலக்கோட்டுப் பையனுக்கு நிலம் இல்லை, வேறு தொழில் தெரியாது. அந்த லைசென்ஸ்தான் அவன் வீட்டு அரிசி.

சட்டமும் நம்மை அப்படி எழுதச் சொல்லவில்லை. 133-ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் புரியும். அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால், ஓட்டுநரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரங்களில் உரிமையாளரிடம் இருப்பதையும், நியாயமான முயற்சி எடுத்தால் அவரால் கண்டுபிடிக்க முடிவதையும் கொடுக்க வேண்டும். கடமை அவ்வளவுதான். முயற்சி எடுத்தும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் முயற்சி எடுத்ததைக் காட்ட வேண்டும். தெரிந்தே மறைத்தாலும், உண்மை என்று நாமே நம்பாத ஒரு பெயரைக் கொடுத்தாலும் அது 179-ஆம் பிரிவில் தனிக் குற்றம்: ஒரு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஃபைலை மூடத்தான் பெயர் எழுதினோம் என்பது அங்கே பதிலாகாது.

நான் எழுதிய கடிதத்தில் வண்டி எங்களுடையது, அந்தச் சாலையில் அன்று போனது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொண்டேன். யார் யாருக்கு அன்று சாவி போனது, என்னென்ன நோட்டுகளைப் பார்த்தேன், யாரிடம் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதினேன். கேட் நோட்டு, எடைச் சீட்டு, டீசல் பில், ஃபாஸ்டேக் கணக்கு எல்லாவற்றின் நகலையும் இணைத்தேன். அந்த நேரத்தில் ஓட்டியவர் இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஊகித்து ஒரு பெயரைத் தர விரும்பவில்லை, அபராதத்தை உரிமையாளர் என்ற முறையில் ஆலை கட்டும் என்று முடித்தேன். நோட்டீஸ் அனுப்பிய போலீஸ் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனபோது, "பேர் இல்லாம எப்படி?" என்று அங்கே இருந்தவர் கேட்டார். 133-ஆம் பிரிவின் வாசகத்தைக் காட்டினேன். படித்தார், நகல்களைப் புரட்டினார், முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார். ஆலை பணம் கட்டியது. எந்த டிரைவர் பெயரும் அதில் ஏறவில்லை.

பிரிட்டனில் ஒரு கூரியர் நிறுவன அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே இது இன்னும் கடுமை. 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172-ஆம் பிரிவுப்படி ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். தனிநபர் சொல்லாவிட்டால் லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளிகள் ஏறும். வேகமாகப் போனதற்கே குறைந்தபட்சம் 3 புள்ளிகள்தான். முயன்றும் தெரியவில்லை என்ற வாதம் அங்கேயும் உண்டு. ஆனால் நிறுவனம் அந்த வாதத்தை வைத்தால், யார் ஓட்டினார் என்று பதிவேடு ஏன் வைக்கவில்லை, வைக்காதது நியாயம்தானா என்பதையும் நிரூபிக்க வேண்டும். எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. பதிவேடு டிரைவரைப் பிடிப்பதற்கு என்றுதான் நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அன்றைக்கு அந்த நோட்டில் பெயர் ஒழுங்காக இருந்திருந்தால், ஓட்டாத இரண்டு பேர் மேல் சந்தேகமே விழுந்திருக்காது.

எல்லா நோட்டீஸுக்கும் இதே பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலவற்றை அடியோடு மறுக்க வேண்டியிருக்கும். ஒரு முறை வந்த போட்டோவில் இருந்தது எங்கள் வண்டியே இல்லை. எங்களுடையது கிருஷ்ணகிரி பதிவு, டி.என். 24. போட்டோவில் இருந்தது தர்மபுரியின் 29, பின்னால் வரும் எண்கள் ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தால் வண்டியின் மாடலும் வேறு. போட்டோவையும் ஆர்.சி.யையும் இணையதளத்தில் புகாராகப் போட்டோம், நீக்கிவிட்டார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167ஏ விதியை வண்டி வைத்திருப்பவர்கள் படித்து வைத்துக்கொள்வது நல்லது. கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நம்பர் தெரியும் போட்டோவும் கருவி அளந்த வேகமும் இடமும் நேரமும் அதில் இருக்க வேண்டும், கருவிக்கு வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும் என்று அது சொல்கிறது. இவற்றைக் கேட்பது நம் உரிமை.

ஆனால் தப்பிக்க ஒரு ஓட்டை கிடைக்குமா என்று தேடுவதற்காக இதை எழுதவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71 சதவீதம் பேர் இறந்ததற்குக் காரணம் அதிவேகம் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. தர்மபுரிக்காரர்களுக்கு அந்த எண் தேவையே இல்லை, தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளில் மோதிய கதைகள் இங்கே எல்லா டிரைவருக்கும் தெரியும். இரட்டைப் பாலம் என்றாலே வீட்டில் இருப்பவர்களுக்கு வயிறு கலங்கும். அங்கே கேமரா வைப்பதை எதிர்க்க எனக்கு வாய் வராது.

என்னை இந்த விஷயத்தில் அதிகம் யோசிக்க வைத்தது 183-ஆம் பிரிவின் இன்னொரு பகுதி. ஓட்டியவர் மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்தவரும் குற்றவாளி. அதோடு, இந்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்து, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் வர முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அதைப் போட்டவர் மேல் முதல்நிலை ஆதாரம், அதாவது அவர் மறுத்து நிரூபிக்கும்வரை நிற்கும் சான்று. எங்கள் லோடு சீட்டின் மேல் மூலையில் அப்போதெல்லாம் இத்தனை மணி என்று ஒரு நேரம் எழுதியிருக்கும். காய் அதற்குள் வந்தாக வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று பேட்டா வேறு. ஒரு நடை குறைந்தால் டிரைவரின் பணம் குறையும். காரிமங்கலத்தில் வண்டியை விரட்டிய கால் மூன்று பேரில் யாருடையதாக இருந்தாலும், அதன் மேல் எங்கள் சீட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. இந்தப் பிரிவைத் தமிழில் எழுதி, அந்த லோடு சீட்டோடு சேர்த்து நிர்வாகத்திடம் கொடுத்தேன். உடனே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பேட்டா விஷயத்தில் ரொம்ப நாள் வாதம் நடந்தது.

அடுத்த சீசனில் சீட்டில் மணி எழுதுவது நின்றது. பேட்டா பாதி நாள்கணக்கு, பாதி நடைக்கணக்கு என்று மாறியது. முழுவதும் நாள்கணக்காக வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டி கை மாறும்போது வாங்குபவர் தன் பெயரையும் நேரத்தையும் தானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், வழியில் மாற்றினால் எனக்கு ஒரு போன். ஆர்.சி.களில் இருந்த பழைய மொபைல் எண்களையும் மாற்றிவிட்டோம். முன்பு இருந்தவரின் எண்ணுக்கு மெசேஜ் போய், வண்டியின் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டும் நேரத்தில்தான் செல்லான் இருப்பதே தெரியவரும் நிலை இப்போது இல்லை. அந்தப் பாலக்கோட்டுப் பையன் போன சீசனிலும் வந்தான். கையெழுத்துப் போட நோட்டை நீட்டியபோது, அன்றைக்கு எழுதிய கடிதத்தின் நகலைப் பார்க்கலாமா என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.