ஒத்திகை நாள்

நேற்று எங்கள் ஆஸ்பத்திரியில் நெருக்கடி கால ஒத்திகை. புதுத் தொற்று பரவி, ஒரே நாளில் கூட்டம் மூன்று மடங்கானால் என்ன செய்வது? எல்லாரும் முதலில் கேட்டது, கட்டில் எத்தனை இருக்கிறது என்றுதான். கட்டிலைத் தாழ்வாரத்தில்கூடப் போட்டுவிடலாம். பக்கத்தில் நிற்க நர்ஸ் வேண்டுமே!

ஆக்சிஜன் கதை இன்னும் மோசம். பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில், காற்று கலக்காமல் வெறும் ஆக்சிஜனை நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் கொடுத்தால், ஒரே நோயாளிக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. பலகையில் இதை எழுதியதும் ஸ்டோர் பொறுப்பாளர் போனை எடுத்து மறுபடியும் வகுத்துப் பார்த்தார். அதே விடைதான்.

அப்புறம், முடிவெடுப்பது யார்? 1970களில் கலிபோர்னியாவில் காட்டுத்தீயைச் சமாளிக்க உருவான கட்டளை முறைதான் பின்னால் மருத்துவமனைகளுக்கும் வந்தது. மேலே ஒரே தலைவர். அவருக்குக் கீழே களப்பணி, திட்டம், பொருள், பணம் என்று ஆளுக்கொரு பொறுப்பு. அடையாளத்துக்கு ஆளுக்கொரு மேலங்கி. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தலைவரின் மேலங்கி பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் நேற்று லீவு.