டோன்டு பேப்பரில் ஆச்சியின் நரைமுடி

கரியில் வரைந்துகொண்டிருக்கும் ஆச்சியின் முகப்படத்தில் நரைமுடி ஒருவழியாகப் படிந்துவிட்டது. ஏ3 அளவு சாம்பல் டோன்டு பேப்பர் (நிறமேற்றிய தாள்), மென்மையான வில்லோ கரிக்குச்சியில் பிளாக்-இன், அதாவது முதல் உருவமைப்பு, ஆழமான இருட்டுக்கு மட்டும் அழுத்திச் செய்த கம்ப்ரெஸ்டு கரி. காதும் சேலைத் தலைப்பும் இன்னும் பாக்கி. ஆனாலும் இந்த முடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நரை என்றதும் கை வெள்ளை பென்சிலைத் தேடும். தொடவே கூடாது. நரைத்த தலையில் பெரும்பகுதி சாம்பல்தான், அதைக் காகிதமே கொடுத்துவிடுகிறது. கொண்டைக்கு இழுத்துக் கட்டிய இடத்தின் இடுக்குகள், காதுக்குப் பின்னால் விழும் நிழல், நெற்றியோரம் முடி தொடங்கும் இடம், இவற்றை மட்டும் கருப்பில் போட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தலை அப்போதே நரைத்திருக்கும். வெள்ளை கடைசியில், ஜன்னல் வெளிச்சம் படும் உச்சியில் மட்டும். முடி வளையும் இடத்தில் அழுத்தி, இரு பக்கமும் கையைத் தூக்கிவிட வேண்டும். முழு நீளத்துக்கும் இழுத்தால் முடி சணலாகிவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளை போகப்போகும் இடத்தையெல்லாம் நீடட் இரேசரால் (பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பான்) ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கரித்தூள் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். தூள் மிச்சம் இருந்து அதன்மேல் வெள்ளை பட்டால் நீலம் பாய்ந்த செத்த சாம்பல் ஒன்று வரும், அதை எதுவும் காப்பாற்றாது. அதனால் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வெறும் காகிதம் விடுகிறேன். நெற்றியில் ஒரு விரலகலம், மூக்குத் தண்டில் நூலளவு. கரியைப் பரப்பும் காகிதக் குச்சியான ஸ்டம்பும் கருப்புக்கும் வெள்ளைக்கும் தனித்தனி. வெள்ளையை ஸ்டம்பால் பரப்பினால் நெற்றியில் விபூதி பூசியதுபோல ஆகிவிடுகிறது, ஆகவே கோடாகவே விட்டுவிட்டேன்.

கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சாதாரண வெள்ளை கலர் பென்சிலைத் தலையில் கட்டப் பார்ப்பார். அதில் மெழுகு. ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு கரி ஒட்டாது. வெள்ளை சார்கோல் பென்சில் கிடைக்காவிட்டால் பேஸ்டல் பென்சில் பரவாயில்லை. சீவ பிளேடுதான், ஷார்ப்னரில் முனை உள்ளேயே உடைகிறது. கருப்புக்கு கேம்லின் சாஃப்ட் எனக்குப் போதும்.

கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரேயான ஃபிக்ஸேடிவைக் கருப்பு முடிந்ததும் லேசாக அடித்துவிட்டேன். வெள்ளையின்மேல் அடித்தால் பாதி வெளிச்சம் காணாமல் போகும். பிரேம் போடும்போது மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தினால் போதும்.

காதில் பாம்படம், கனமான பழங்காலத் தங்கக் காதணி. இங்கே விதி தலைகீழ். தங்கத் தகட்டில் இருட்டும் வெளிச்சமும் நடுவில் எதுவுமில்லாமல் ஒட்டி நின்றால்தான் பளபளக்கும், தோலுக்கு விட்ட இடைவெளியை இங்கே விட்டால் மண் பொம்மை நகையாகிவிடும். கனத்தில் இழுபட்டுத் தொங்கும் காதுமடல்தான் எனக்கு உண்மையான சவால். அதை இன்னும் தொடவில்லை.

அதற்குள் கேன்சன் கம்பெனியின் மி-தாந்த் என்ற நிறத்தாள் வகையில் நீலத் தாள் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன், 160 ஜிஎஸ்எம். பிரெஞ்சு ஓவியர் பியர் பால் ப்ரூதோன் (1758–1823) நீலத்தாளில் கருப்பு வெள்ளைச் சாக்கால் வரைந்த உடல்களைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை. இந்தத் தாளின் ஒரு பக்கம் தேன்கூடு போலச் சொரசொரப்பு, அது முகத்துக்கு முரடு, திருப்பிப் போட்டு மென்மையான பக்கத்தில் ஒரு தவில்காரரை வரையப் போகிறேன். வேர்த்த நெற்றிக்கு வெள்ளை நிறைய வேண்டியிருக்கும்.