407 வண்டிக்குள் ஒரு காடு

அக்டோபர் 26, ஞாயிறு

வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. பழைய டாடா 407 சின்ன லாரி. நேற்றுவரை மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி, பின்பெட்டியில் இன்னும் புளிப்பு வாடை போகவில்லை. உள்ளே 10 அடி நீளம், 6 அடி அகலம். இந்த இடத்துக்குள் ஒரு காட்டை ஏற்றி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

நடமாடும் கண்காட்சி புதிய யோசனை ஒன்றும் இல்லை. கொல்கத்தாவில் இருக்கும் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-லேயே பேருந்தில் அறிவியலை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான்: ‘தொடாதே’ என்ற பலகை இந்த வண்டியில் எங்கேயும் இருக்கக் கூடாது.

வெல்டிங் அண்ணன் ஒரு பக்கத் தகரத்தை அறுத்துக் கீல் போட்டுவிடலாம் என்கிறார். மேல்பாதியைத் தூக்கி நிறுத்தினால் பந்தல், கீழ்ப்பாதியை இறக்கினால் மேடை. அதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் மாற்றத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த அலைச்சலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 1, சனி

இன்று பெட்டிக்குள் அரை மணி நேரம் முட்டி போட்டே நடந்தேன். அண்ணன் சிரித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. நான் சாக்பீஸால் குறித்து வைத்திருந்த பலகைகளில் பாதி அவர்கள் தலைக்கு மேலே தொங்கியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றரை அடி கீழே இறக்கினோம்.

மதியம் தெரிந்தவர் ஒருவர் முள்ளம்பன்றி முட்கள் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். கையில் பிடித்தால் விடவே மனசு வராது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1972-ம் வருடத்து வன உயிரினச் சட்டப்படி அதன் முள்ளைக்கூட அனுமதியில்லாமல் வைத்திருக்க முடியாது. வனத்துறையில் ஒப்படைத்துவிடச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அசல் நகம், பல், தோல் எதுவும் வண்டியில் ஏறாது. களிமண், பிளாஸ்டர், மரம், உதிர்ந்த விதை, இவை போதும்.

நவம்பர் 8, சனி

இந்த வாரம் முழுக்க ஒரு வூஃபரோடு, அதாவது அடித்தொனிக்கான ஒலிபெருக்கியோடு, மல்லுக்கட்டினேன்.

யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டாது. நமக்கு ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 அதிர்வுகளுக்கு, கீழே கேட்காது. அவற்றின் உறுமல் அதற்கும் கீழே இறங்கும். 1984-ல் அமெரிக்காவில் ஒரு விலங்குக் காட்சி சாலையில், யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஏதோ அதிர்வதை உணர்ந்து இதைக் கண்டுபிடித்தவர் கேட்டி பெய்ன். கேட்காத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

வூஃபரை மல்லாக்க வைத்து, மேலே பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, ஒரு கைப்பிடி ராகியைத் தூவினேன். 18 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சத்தமே இல்லை, ராகி மட்டும் குதிக்கிறது. முதலில் ரவை போட்டுப் பார்த்தேன், ரப்பரில் ஒட்டிக்கொண்டது. ராகிதான் சரி, உருண்டு விளையாடுகிறது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “திங்கறத எதுக்குடா ஆட விடற?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம், முதல் பயணம். அஞ்செட்டி மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே பூச்சிப் பெட்டியின் கண்ணாடி போயிற்று. இனி அக்ரிலிக்தான்.

பள்ளியில் மொத்தம் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். கால்தடப் பெட்டி நன்றாகப் போனது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்து, நாயா சிறுத்தையா என்று சொல்ல வேண்டும். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும், சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் ஒரு சிறுமி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுருட்டை விரியன் செதில்களை உரசி எழுப்பும் சத்தத்துக்கு இரண்டு உப்புத்தாள் கட்டைகள் வைத்திருந்தேன். அதைத் தேய்த்துத் தேய்த்து டீச்சரைப் பயமுறுத்தினார்கள்.

வரைபடத்தில் சறுக்கினேன். காவிரி, 2014-ல் சரணாலயமான காவிரி வடக்குக் காடு, மலைகள் எல்லாம் அழகாக வரைந்திருந்தேன். “எங்க ஊரு எங்க சார்?” ஊரை வரையவே இல்லை.

அப்புறம் யானை. வண்டிக் கதவில் பெரிய யானை, வாயெல்லாம் சிரிப்பு. ஓவியர் நண்பர் ஆசையாக வரைந்தது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் அதன் பக்கத்திலேயே வரவில்லை. பயமா என்று கேட்டேன். “இல்ல சார். முந்தாநேத்து ராத்திரி எங்க ராகிய மிதிச்சிட்டுப் போச்சு. அப்பா காவலுக்குப் பரண்லயே இருக்காரு. இது எதுக்கு சார் சிரிக்குது?”

பதில் சொல்ல முடியவில்லை. ராகி முற்றும் இந்த மாதங்களில்தான் பன்னேர்கட்டா, ஜவளகிரிக் காடுகள் வழியாக யானைக் கூட்டம் இறங்குகிறது. அவர்கள் வீட்டில் பெரியவர்கள் தூங்காத பருவம் இது. நானோ அந்த ராகியையே வூஃபரில் ஆட விட்டு வேடிக்கை காட்டியிருக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

யானையின் சிரிப்பை அழித்தாயிற்று. நண்பருக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் தூரிகையை எடுத்தது அவரேதான். வாய் மூடியதும் யானை யானையாகவே நிற்கிறது.

வரைபடத்தில் ஊர்களைச் சேர்த்தேன். ராகிக் கொல்லைகளுக்கும் ஒரு நிறம். வூஃபரை எடுத்துவிடலாமா என்று யோசித்து, எடுக்கவில்லை. ராகிக்குப் பதில் நொய் மணல். ராகி மாதிரி உருளாது, பரவாயில்லை.

புதிதாக ஒரு கயிறு. யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால், தோள்பட்டை வரையிலான உயரம் ஏறக்குறைய வந்துவிடும். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் கொஞ்சம் நீள்வட்டம். எங்கள் பிளாஸ்டர் தடம் 3 அடி 10 அங்குலம், அப்படியானால் யானை 7 அடி 8 அங்குலம். வண்டியின் பின்பக்கத்தில் அடிக்கோல் வரைந்து அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டோம்.

டிசம்பர் 5, வெள்ளி

அதே பள்ளிக்கு மறுபடியும் போனோம். போன தடவை பக்கத்தில் வராத பையன் இன்று ஒரு சணல் கயிற்றோடு காத்திருந்தான். நாங்கள் கயிற்றுக் கணக்கோடு வருகிறோம் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாராம். காலையில் அப்பாவோடு போய்க் கொல்லையில் இருந்த தடத்தைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான்.

“முன்னங்காலா?”

“வட்டமா இருந்தத பாத்துத்தான் அளந்தேன் சார்.”

4 அடி 7 அங்குலம். கரும்பலகையில் அவனே பெருக்கினான். 9 அடி 2 அங்குலம். கோடு போடலாம் என்று எல்லோரும் வண்டியின் பின்னால் ஓடினார்கள். வண்டியின் கூரையே எட்டரை அடிதான். இந்த ஆனை வண்டிக்கு மேலே நிற்கிறது.

வெல்டிங் அண்ணன் பள்ளிக்கூடத்து வேலியிலிருந்து ஒரு மூங்கிலைக் கேட்டு வாங்கி, கூரைக் கம்பியில் கட்டினார். பையன் ஏணியில் ஏறி, 9 அடி 2 அங்குலத்தில் சிவப்புத் துணி கட்டினான். திரும்பும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டோம். வழியில் ஒரு புளியமரக் கிளை பிடுங்கிக்கொண்டது. அடுத்த வாரத்துக்குள் மடக்குகிற மாதிரி இரும்புக் கம்பி ஒன்று செய்ய வேண்டும்.