சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்

ஜனவரி 5, ஞாயிறு

ட்ரெய்லருக்கு நம்பர் பிளேட் மாட்டியாச்சு. அப்பா வாசலுக்கு வந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஜனவரி 6, திங்கள்

எடை மேடையில் 910 கிலோ. கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர் எல்லாம் சேர்த்து. நான் போட்டு வைத்த கணக்கைவிட 110 கிலோ அதிகம். பிளைவுட்டும் இரும்புச் சட்டமும்தான் ஏற்றிவிட்டன.

இழுப்பதைப் பற்றிக் கவலையில்லை. முன்வண்டி 2.5 லிட்டர் டீசல், என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றிலேயே முழு இழுவை வந்துவிடும். எனக்குப் பயமெல்லாம் நிறுத்துவதில்தான். அதனால்தான் பட்டறைத் தம்பியிடம் மல்லுக்கட்டி ஓவர்ரன் பிரேக் வைக்கச் சொன்னேன். முன்வண்டி வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் வந்து முட்டும். அந்த முட்டலே கம்பியை இழுத்து ட்ரெய்லர் சக்கரத்தைப் பிடித்துவிடும். "டிராக்டர் டிப்பருக்கே யாரும் பிரேக் கேக்கலக்கா" என்றான். நான் கேட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ். மெஷினுக்குப் போகும்போது எடை 61.3 கிலோ. வரும்போது 58.7.

ஜனவரி 8, புதன்

கை இன்னும் நடுங்குகிறது.

கப்பலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அறுபது வரைக்கும் பின்னால் ஒன்று வருவதே தெரியவில்லை. எழுபதைத் தொட்டபோது ஒரு பஸ் ஒட்டி ஏறிப் போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசு. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லரின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரிகிறது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாத தாயி. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. ஸ்டியரிங்கை நேராப் பிடி, அது கூத்தாடுனா நீயும் கூட ஆடாத."

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. ஐம்பதுக்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் ஐஸ் டப்பாவைத் திறந்து ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டார்.

ஜனவரி 9, வியாழன்

60.4. வரும்போது 58.6. ஊசி இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று.

ஜனவரி 10, வெள்ளி

ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்தது. மூக்கில் கனம் இல்லை.

ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும். அது குறைந்து, பின்பக்கம் பாரம் ஏறினால் வால் ஆடும். 910க்கு 91 கிலோ. அளக்க வேறு வழியில்லை. அப்பாவின் எடை மெஷினைக் கொண்டுவந்து கொக்கிக்குக் கீழே வைத்து, மேலே ஒரு தேக்குக் கட்டையை நிறுத்தி, ஜாக்கியை மெல்ல இறக்கினேன். 38. வெறும் 38!

தண்ணீர் டேங்க் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தது. கழிவறை அங்கே இருப்பதால் குழாய் மிச்சம் என்று பட்டறையில் அப்படி வைத்துவிட்டார்கள். தம்பியை வரச் சொல்லி, டேங்கைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில், ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்தோம். ஸ்டெப்னியைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து முன்சட்டத்தில் போல்ட் போட்டோம். திரும்ப நிறுத்தினால் 93.

திண்ணையில் இருந்து அப்பா: "என்னைய நிறுக்கிற மெஷின்லயே அதையும் நிறுக்கிறியா. அது கூடணுங்குற, நான் குறையணுங்குற."

ஜனவரி 11, சனி

61.0 / 58.5. அப்பாவைப் பாம்பன் கூட்டிப் போய்வரலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சனிக்கிழமை முடித்துக்கொண்டு கிளம்பி, திங்கள் ராத்திரிக்குள் வந்துவிட்டால் சரி என்றார். இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுபத்தைந்தில் போனோம், லாரி ஏறிப் போனது, ட்ரெய்லர் அசையவில்லை. 93!

அந்த தைரியத்தில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரை போனோம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மூச்சுத் திணறியது. பின்னால் கருகருவென்று புகை. இரண்டாவதுக்கு இறக்கினேன், அப்பவும் இழுக்கவில்லை. ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது, வேறு என்னவென்று புரியவில்லை. அப்பா கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உஸ்ஸுங்குது. காத்து ஒழுகுது தாயி. டர்போ ஹோஸைப் பாரு."

நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஐடிலில் விரிசல் மூடிக்கொள்கிறது. அவரை உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைச் சுற்றிக் கையை நகர்த்தினேன். கிளிப்புக்குப் பக்கத்தில், இரண்டு விரல் நீளத்துக்கு ரப்பர் வாயைத் திறந்து உள்ளங்கையில் சூடாக ஊதியது. டர்போ அமுக்கித் தள்ளும் காற்று, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகாமல் வெளியே போய்விடுகிறது. டீசல் மட்டும் அதே அளவில் இறங்குகிறது. புகை அதனால்தான்.

மிதித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. நான்கு வருஷமாக அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததில்லை.

ஜனவரி 13, திங்கள்

ஹோஸ் இல்லை. எல்லாரும் பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலன்றும் மெஷின் உண்டு. 61.6. அம்மா இரண்டு வாய்தான் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

ஜனவரி 16, வியாழன்

அலங்காநல்லூர் டிவியில் ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். 90/50. நர்ஸம்மா சலைன் விட்டதும் கண் திறந்து, "ஹோஸ் வந்துருச்சா" என்றார்.

ஜனவரி 17, வெள்ளி

வரவில்லை.

ஜனவரி 18, சனி

இன்று போயிருக்க வேண்டியது.

தூக்கம் இல்லை. ட்ரெய்லருக்குள் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 60 லிட்டர் தண்ணீரைத் தொட்டால் குலுங்குகிறது. அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். மாத்திரைக்கு, ரசத்துக்கு, ஐஸுக்கு எல்லாம் சேர்த்து முக்கால். இவ்வளவு தண்ணீரை அவர் தலைக்குக் கீழேயே வைத்திருக்கிறேன். ராத்திரி அவருக்குக் கேட்குமா? பாதி டேங்க் எடுத்துப் போனால் மூக்கு எடை குறையும். அதற்குச் சமமாக அரிசியும் பேட்டரியும் முன்னால் வைக்கலாம். கட்டாயம் மறுபடி நிறுக்க வேண்டும். வழியில் பிரஷர் இறங்கினால்? மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் மூன்று ஊரிலும் எங்கே நிறுத்துவது என்று எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். லாட்ஜில் தங்கலாமே என்று பட்டறைத் தம்பி கேட்கிறான். முப்பது வருஷம் லாரி கேபினில் தூங்கிய மனுஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நேற்று மத்தியானம் இந்தக் கட்டிலில் படுத்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஹோஸ் மாட்டியாச்சு, இரண்டு பக்கமும் புது கிளிப். கணவாய் மூன்றாவது கியரிலேயே ஏறியது. புகை இல்லை. மேலே ஓரங்கட்டி இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் அணைத்தேன், டர்போ ஆறட்டும் என்று.

ஜனவரி 22, புதன்

ரிவர்ஸ். ஸ்டியரிங்கை வலது ஒடித்தால் ட்ரெய்லர் இடது போகிறது. காலி பிளாட்டில் இரண்டு மணி நேரம். அப்பாவுக்கும் இது பழக்கமில்லை. அவர் ஓட்டியது பத்துச் சக்கரம்.

ஜனவரி 23, வியாழன்

60.1 / 58.5. பிரஷர் இறங்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பாதி டேங்க். பேட்டரி முன்னால். 92. லைட், கொக்கிப் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி, டயர் காற்று. டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்தேன். ஓடும்போது அப்பா முன்சீட்டில்தான், ட்ரெய்லருக்குள் போகவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். 88ல் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த வருஷமே லோடு ஏற்றிப் போன கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 25, சனி

58.6. பத்தரைக்கு வெளியே வந்தோம், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நின்று கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்தோம். பன்னிரண்டுக்குக் கிளம்பினோம்.

பரமக்குடி. முள் நடுவில். அப்பா தூங்குகிறார்.

மண்டபம், 4:10. பாலத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். நல்ல காற்று, பனைமரமெல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. நாற்பதுக்கு மேல் போவதில்லை. அப்பா எழுந்துவிட்டார், கண்ணாடியை இறக்கச் சொல்கிறார்.