நூலில் தொங்கும் வித்து

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, உள்ளே நூல் கட்டிய பானையில் ஊற்றி, நாற்பது நாள் வாக்கில் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். திறந்தால் நூலைச் சுற்றிப் பனங்கற்கண்டு விளைந்திருக்கும். "ஏட்டி, பானையத் தொடாத!" என்று ஆச்சி அதட்டுவாள்.

பல வருடம் கழித்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கும் கிரிஸ்டல் குரோத் சென்டருக்கு, அதாவது படிக வளர்ப்பு மையத்துக்கு, ஒரு பயிற்சிக்காகப் போனேன். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குள் கண்ணாடிக் குடுவை, அதில் கரைசல், நடுவில் நைலான் நூலில் ஒரு சின்ன வித்துப் படிகம்; அதைச் சுற்றித்தான் பெரிய படிகம் வளரும். அதே பானை! அந்த நிமிடமே மனது அங்கே ஒட்டிக்கொண்டது. பேராசிரியர் பி. ராமசாமி 1980களில் கட்டி எழுப்பிய மையம் அது. இன்று தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியின் இயற்பியல் துறைக்குப் போனாலும் படிகம் வளர்க்கும் ஒருவரைப் பார்க்க முடிகிறதென்றால், அதற்கு இந்த மையம் பெரிய காரணம் என்பேன்.

அப்புறம் என் ஆய்வு வேறொரு கல்லூரியில். கே.டி.பி. வளர்த்தேன், அதாவது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். லேசர் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கித் தரும் படிகம். கரைசலின் சூட்டை 45 டிகிரியில் தொடங்கி நாளுக்கு 0.1 டிகிரி குறைக்க வேண்டும். 23ஆம் நாள் இரவு கரண்ட் போனது, யு.பி.எஸ்.ஸும் கைவிட்டது. தொட்டி மளமளவென்று ஆறிவிட்டது. கரைசல் தாங்கும் அளவுக்கு மேல் குளிர்ந்தால், உப்பு வித்துக்காகக் காத்திருக்காது; கண்ட இடத்தில் படியும். காலையில் போய்ப் பார்த்தால் அடி முழுக்கப் பொடிப்பொடியாகக் கற்கள். வித்தின் மேலும் குட்டிகள் முளைத்திருந்தன. அன்று நான் சாப்பிடவில்லை.

மறுபடி தொடங்கியபோது எஸ்.ஆர். முறைக்கு மாறினேன். சங்கரநாராயணன், ராமசாமி இருவரும் 2005இல் வெளியிட்ட முறை. கண்ணாடிக் குழாயின் அடியில் வித்தை, நமக்கு வேண்டிய திசை மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக் கரைசலை ஊற்ற வேண்டும். மேலே ஒரு வளைய ஹீட்டர். நீர் மேலே ஆவியாக ஆவியாக, படிகம் கீழிருந்து அந்த ஒரே திசையில் ஏறி, குழாயின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக வளர்த்த படிகத்தை லேசருக்கு ஏற்ற கோணத்தில் அறுக்கும்போது பாதி வீணாகும். இதில் வளரும்போதே கோணம் சரியாக அமைந்துவிடுகிறது. இவ்வளவு எளிய பொருட்களை வைத்து இப்படி யோசித்தார்களே என்று இன்றும் வியக்கிறேன்.

தினமும் காலையில் குழாயில் மார்க்கரால் ஒரு கோடு போடுவேன். முந்தைய நாள் கோட்டுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தால் போதும், அன்றைய நாள் நல்ல நாள்.

கடைசியில் கண்ணாடியை உடைத்துத்தான் படிகத்தை எடுக்க வேண்டும். ஏ.சி.யை அணைத்தேன். அறையின் சூட்டுக்குக் குழாய் வரும்வரை ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விழும். வைர ஊசியால் கண்ணாடியில் கீறி, மெல்லத் தட்டினேன். விரல் நீளத்துக்கு உருளையான படிகம் ஒன்று கையில் வந்தது. அதன் வழியாக மேசை மேல் இருந்த நோட்டின் எழுத்தை வாசிக்க முடிந்தது.